மித்துவின் மஞ்சள் நூடுல்ஸ்

மார்ச் 8

மகன் செல்வகுமார் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. பீரோவில் சும்மா கிடந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ரேஷன் கடைக்காரரே சொல்லியிருக்கிறார். முதல் பக்கத்தில் நல்லதைத்தான் எழுத வேண்டும். அதனால் என் பேரப்பிள்ளைகளை எழுதுகிறேன்.

செல்வகுமாரின் மூத்த மகன் கௌசிக். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்தான். மேடையில் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். இப்போது திருச்சியில் இன்ஜினியரிங். அவன் தம்பி தருண் கபடியில் மாவட்டக் கோப்பை வாங்கியவன். காலில் தையல் போட்ட மறுவாரமே ஆடினான். ஆடக் கூடாது என்று அவன் அப்பன் சொன்னதை இங்கே எழுதவில்லை.

மூன்றாவது என் மகள் சுகந்தியின் பெண் மிதுலா. எங்களுக்கு மித்து. ஐந்து வயது. இவள் வாங்கிய பரிசுதான் எல்லாவற்றிலும் பெரியது. தை பிறந்ததிலிருந்து இன்றுவரை ஒரு வலிப்புகூட வரவில்லை. அதற்கு முன்னால் வராத நாள் கிடையாது.

ஹாலில் கௌசிக்கும் தருணும் பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் நாள் யூனிஃபார்மில் எடுத்த போட்டோக்கள் மாட்டியிருக்கின்றன. பக்கத்தில் மூன்றாவது ஆணி அடித்து வைத்துவிட்டேன். ஜூன் வரைக்கும் வலிப்பு வராவிட்டால் மித்துவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சுகந்தியிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

"யூனிஃபார்ம் போட்ட அன்னைக்கே போட்டோ புடிச்சு, கழுவி, தபால்ல போட்டுரு. செல்போன்ல அனுப்புனா அத ஆணியில மாட்ட முடியாது."

"மொதல்ல ஜூன் வரட்டும்மா," என்றாள்.

மார்ச் 9

சுகந்தி குழந்தையை விட்டுவிட்டுக் காலை பஸ்ஸில் கோயம்புத்தூர் போனாள். பேங்கில் லீவு தீர்ந்துவிட்டது. மாப்பிள்ளை தோகாவில். குழந்தைகள் காப்பகத்தில் இந்தச் சாப்பாடு எங்களால் முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். அதனால் ஜூன் வரை மித்து இங்கே ஒட்டன்சத்திரத்தில் என்னோடு.

அது என்ன சாப்பாடு என்றால், அரிசி கிடையாது, மாவு கிடையாது, சர்க்கரை கிடையாது, பழம் கிடையாது. எல்லாம் வெண்ணெய், தேங்காயெண்ணெய், முட்டை, கொஞ்சம் காய். உடம்பு சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை எரித்தால் மூளை அடங்கி இருக்குமாம். தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும். காலையில் மூத்திரத்தில் ஒரு அட்டைக் குச்சியை நனைத்தால் கத்தரிக்காய் நிறம் வர வேண்டும். வெளுத்தால் ஆபத்து.

கிளம்பும்போது வாசலில் நின்று மறுபடியும் ஆரம்பித்தாள். "அம்மா, இத சோறுன்னு நெனைக்காத, மருந்துன்னு நெனச்சுக்க. பாவமேன்னு ஒரு பிஸ்கட்டக் குடுத்தா எல்லாம் போச்சு."

"ஏண்டி, ஒன்னையவும் ஒங்கண்ணனையும் வளத்தது நானா, எதுத்த வீட்டுக்காரியா?"

"அதான் பயமா இருக்கு," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மார்ச் 11

எதிர்க்கடையில் நூடுல்ஸ் பொட்டலம் சரம் சரமாகத் தொங்குகிறது. படத்தில் மஞ்சளாக, சுருள் சுருளாக இருக்கிறதே, அதுதான் வேண்டும் என்கிறாள். அழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள். அழுதிருந்தால் பரவாயில்லை.

ஆஸ்பத்திரியில் இந்தச் சாப்பாட்டை எழுதிக்கொடுத்த டயட் மேடத்துக்குப் போன் போட்டேன். மாவில்லாமல் நூடுல்ஸ் மாதிரி எதை வேண்டுமானாலும் செய்யுங்கள், நிறுத்து மட்டும் போடுங்கள் என்றார்.

முட்டைக்கோஸை மயிர் மாதிரி நறுக்கி, வேகவைத்து, வெண்ணெயில் புரட்டிக் கொடுத்தேன். முள்கரண்டியால் தூக்கிப் பார்த்தாள்.

"அம்மாச்சி, இது கோசு."

மார்ச் 12

இளந்தேங்காய் வழுக்கையைச் சீவினேன். "இது தேங்கா." சுரைக்காயைத் தோல் சீவும் கத்தியால் நீளநீளமாக இழுத்து, மஞ்சள்தூள் போட்டு வதக்கினேன். வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சாமி சத்தியமா இது நூடுல்ஸா?" எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. மீதியை நான் தின்றேன்.

மார்ச் 13

முட்டையை அடித்துத் தோசைக்கல்லில் காகிதம் போல ஊற்றி, எடுத்துக் கத்தரித்தேன். நிறம் வந்துவிட்டது. வாசனையும் வந்தது. மிளகு, சீரகம், பூண்டு இடித்த தூளும் போட்டேன். பொட்டலத்து மசாலாவில் சர்க்கரை இருக்கிறதாம், அதைத் தொடவே இல்லை.

"இது ரிப்பன்," என்றாள். இந்தக் குழந்தையை ஏமாற்ற யாராலும் முடியாது. என் பேத்தி.

மார்ச் 14

கண்டுபிடித்துவிட்டேன்! முட்டை அடையைப் பாய் மாதிரி இறுக்கிச் சுருட்ட வேண்டும். ஆறிய பிறகு குறுக்கே மெல்லிசாக வெட்ட வேண்டும். வெட்டியதை உதறக் கூடாது. இத்தனை நாள் உதறிவிட்டேன், அதனால்தான் ரிப்பன். உதறாமல் அப்படியே தட்டில் கவிழ்த்து, உருக்கிய வெண்ணெயை மேலே விட்டால் சுருள் சுருளாக நிற்கிறது.

தட்டைப் பார்த்ததும் ஒரு சுருளை எடுத்து மூக்குக்கு நேராகத் தொங்கவிட்டு, தலையை அண்ணாந்து வாயில் இறக்கினாள். கன்னமெல்லாம் வெண்ணெய்.

"அம்மாச்சி, நீயும் தின்னு. நீ மட்டும் ஏன் சோறு திங்குற?"

நியாயமான கேள்வி. இன்றிலிருந்து எனக்கும் சோறு கிடையாது. இரண்டு பேருக்கும் ஒரே தட்டு. அவள் பங்கைத் தராசில் வைத்துக்கொண்டு, மீதி எனக்கு.

மார்ச் 20

குச்சி நல்ல கத்தரிக்காய் நிறம்.

மார்ச் 27

பக்கத்து வீட்டு ராமாத்தா முறுக்கோடு வந்தாள். வாசலிலேயே மறித்தேன்.

"நாச்சம்மாக்கா, ஒரே ஒரு முறுக்கு. பச்சப்புள்ளைய இப்படிப் பட்டினி போடுறீங்களே!"

"பட்டினியா? எம்பேத்தி வெண்ணெயிலயே குளிக்கிறா. நீ அந்த முறுக்க ஒம்மருமகளுக்குக் குடு, அவ வாயாச்சும் அடைக்கும்."

கோபித்துக்கொண்டு போனாள். போகட்டும். சுகந்தியிடம் போனில் சொன்னேன். "எங்கம்மாவா இது!" என்று சந்தோஷப்பட்டாள். இருந்தால் இந்தக் கண்டிப்பு இருக்க வேண்டும். டயட் மேடம் என்னை மற்ற அம்மாக்களுக்கு உதாரணம் சொல்கிறாராம். இதையும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 3

ராமாத்தா கோபமெல்லாம் மறந்துவிட்டாள். பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்குக் காவடியோடு நடந்துபோய் வந்தவள், மித்து பேரையும் சொல்லி வேண்டிக்கொண்டாளாம். விபூதியும் ஒரு டப்பா பஞ்சாமிர்தமும் கொடுத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டப்பாவைச் சாமி அலமாரியில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

காலையில் மித்துவைக் குளிப்பாட்டி, நீறு பூசி, பிரசாதம் கொடுத்தேன். பிறகு நூடுல்ஸ். இன்று அடை கொஞ்சம் தடித்துவிட்டது, சுருள் சரியாக நிற்கவில்லை. முட்டை பெரிதாக இருந்தால் தண்ணீர் ஒரு சொட்டுச் சேர்க்க வேண்டும்.

ஏப்ரல் 7

குழந்தைக்கு என்ன பக்தி! நான் சொல்லாமலே அலமாரி முன்னால் போய் நிற்கிறாள். கண்ணை மூடுகிறாள், கையைக் கட்டுகிறாள், "முருகா முருகா" என்று சொல்லிவிட்டு வாயைத் திறக்கிறாள். முதலில் விரல் நுனியில்தான் வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது சின்னக் கரண்டி. மறுபடியும் கை நீட்டுகிற குழந்தையிடம் சாமி பிரசாதத்தை இல்லை என்று எப்படிச் சொல்வது? கௌசிக்கும் தருணும் இந்த வயதில் சாமி கும்பிட வந்ததே இல்லை.

ஏப்ரல் 9

குச்சி இன்று கத்தரிக்காய் நிறம் இல்லை, ரோஜா நிறம். பழைய குச்சியாக இருக்கும். டப்பாவைச் சரியாக மூடாமல் விட்டிருப்பேன்.

ஏப்ரல் 11

புதுக் குச்சியிலும் ரோஜாதான். சாயந்திரம் சுகந்தி ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"காலையில என்ன சாப்புட்டா?"

"முட்ட நூடுல்ஸு, வெண்ணெ."

"கோசு எவ்ளோ போட்ட?"

"மேடம் சொன்னதுதான். தராசுல வச்சேன்."

"வேற எதும் குடுக்கலையே? யாரும் வந்து குடுத்துட்டுப் போகலையே?"

"என் வாசப்படி தாண்டி ஒருத்தி வர முடியுமாடி?"

பல் விளக்கும் பேஸ்ட்டைக்கூட மாற்றச் சொன்னாள். அதில் இனிப்பு இருக்கிறதாம். மாற்றிவிட்டேன். முட்டைக்கோஸையும் நிறுத்திவிட்டேன். எனக்கு அந்தக் கோஸ் மேல்தான் சந்தேகம். தராசு மேலும் சந்தேகம். செல்வகுமாரின் மண்டிக்குக் கொடுத்தனுப்பிச் சரிபார்த்தேன். தராசு சரியாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. தெருவெல்லாம் பாயசம் மணக்கிறது. கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டேன், குழந்தை ஏங்கிப்போகக் கூடாது என்று. நானும் இனிப்பு தொடவில்லை. வருஷப்பிறப்பாயிற்றே என்று சாமியிடம் மட்டும் இரண்டு தடவை கும்பிட வைத்தேன்.

மத்தியானம் நூடுல்ஸ் தின்றுகொண்டிருக்கும்போது கையிலிருந்த முள்கரண்டி அப்படியே நின்றது. கண்ணும் நின்றது. கூப்பிட்டேன், திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி தின்ன ஆரம்பித்துவிட்டாள். ஏதோ யோசனையாக இருந்திருக்கும். குழந்தைகள் யோசிக்கும்.

குச்சி பார்க்கவில்லை.

ஏப்ரல் 15

சுகந்தியிடம் சொல்லிவிட்டேன். நாளைக்கே வருகிறாள். நாளை மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போவாளாம். நாளைக்குக் காலையில் சீக்கிரம் குளிப்பாட்டி, நன்றாகச் சாமி கும்பிட வைக்க வேண்டும்.

ஏப்ரல் 16

காலையில் வலிப்பு வந்துவிட்டது. நிற்கவில்லை.

ஏப்ரல் 18

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி. செல்வகுமார்தான் ஆம்புலன்ஸ் பிடித்தான். இங்கே வந்து ஊசிக்கு மேல் ஊசி போட்டபிறகுதான் நின்றது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். வாயில் குழாய்.

டயட் மேடம் வந்தார். சின்னப் பெண். என்னைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, மறுபடி ஆரம்பத்திலிருந்து கேட்டார். இருமல் மருந்து கொடுத்தீர்களா, பவுடர் பால், பொரிகடலை, இளநீர்? எதுவும் இல்லை என்றேன்.

"பாட்டி அவ்ளோ கரெக்டா செய்றவங்க," என்று டாக்டரிடம் சொன்னார். "சில பிள்ளைங்களுக்கு இது கொஞ்ச நாள்தான் கேக்கும் போல."

சுகந்தி என் தோளில் சாய்ந்து அழுதாள். "நீ என்னம்மா செய்வ, எம்புள்ள தலையெழுத்து."

நானும் அழுதேன்.

ஏப்ரல் 21

இன்று வார்டுக்கு மாற்றினார்கள். கண் திறந்திருக்கிறாள். பேச்சு இல்லை. என்னைத் தெரிகிறதா என்று தெரியவில்லை. சுகந்தி கட்டில் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். நான் மடியிலிருந்த விபூதியை எடுத்து, முருகா என்று சொல்லிக் குழந்தை நெற்றியில் பூசினேன்.

மித்து கண்ணை மூடினாள். ஊசி குத்தியிருந்த கையை மெல்ல இழுத்து, இரண்டு கையையும் நெஞ்சில் கட்டினாள். வாயைத் திறந்தாள். திறந்தபடி காத்திருந்தாள்.

எனக்கு மனசு பூரித்துப்போயிற்று. "பாத்தியா! எம்பேத்திக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு!"

சுகந்தி விரிப்பை மடிப்பதை நிறுத்தினாள். "அவ எதுக்கும்மா வாயத் தொறக்குறா?"

"பிரசாதத்துக்கு. நாந்தான் பழக்குனேன்."

"என்ன பிரசாதம்?"

"பழனி பஞ்சாமிர்தம். வேறென்ன?"

பெருமையாகத்தான் சொன்னேன். சொல்லி முடிக்கிறவரை பெருமையாகத்தான் இருந்தது.

சுகந்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எப்பருந்தும்மா?"

"ராமாத்தா காவடி எடுத்துட்டு வந்ததுலருந்து. தெனமும் குளிச்ச பெறகு."

"வேற எதும் குடுத்தியான்னு எத்தன தடவ கேட்டேன்."

"நீ சாப்பாட்டத்தான கேட்ட?"

மித்துவின் வாய் இன்னும் திறந்தே இருந்தது. சுகந்தி எழுந்து வந்து, தாடையைத் தொட்டு மெதுவாக மூடினாள்.

ஏப்ரல் 22

"நீ ஊருக்குப் போம்மா," என்றாள். பஸ் ஏற்றிவிட செல்வகுமார் வந்தான். அவன் எதுவும் கேட்கவில்லை. சொல்லிவிட்டிருப்பாள். பழனி வழியாகப் போகிற பஸ். மலை தெரியும்போது எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 24

வாழைப்பழம், வெல்லம், தேன், கற்கண்டு, பேரீச்சை, நெய்.

அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும். ஆனால் அதை இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக நினைத்ததில்லை. அது கோயிலிலிருந்து வருவது. அதை யாரும் தின்றேன் என்று சொல்வதில்லை.

ஏப்ரல் 26

டப்பாவில் கால்வாசி மிச்சம் இருக்கிறது. பிரசாதத்தைக் குப்பையில் போட முடியாது. யாருக்கும் கொடுக்கவும் மனம் வரவில்லை. பின்பக்கம் செம்பருத்தி அடியில் ஊற்றினேன். துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், அதற்குள் எறும்பு சாரை சாரையாக வந்துவிட்டது.

எறும்புக்குத் தெரிந்திருக்கிறது.

மே 2

ராமாத்தாவிடம் சொல்லவில்லை. மித்து எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன். அவள் அத்தனை தூரம் நடந்துபோய் வேண்டிக்கொண்டவள்.

மே 9

சோறு இறங்கவில்லை. முட்டை அடைதான் ஊற்றுகிறேன். சுருட்டி, ஆறவைத்து, வெட்டி. தராசில் அவள் பங்கை நிறுத்துத் தனியாக வைத்துவிட்டு, மீதியைத் தின்கிறேன். பிறகு அவள் பங்கையும் நானே தின்ன வேண்டியிருக்கிறது. காக்கைக்கு வைக்க மாட்டேன். உயிரோடு இருக்கிற பிள்ளையின் பங்கு.

மே 17

சுகந்தி போன் பண்ணினாள். நான் கோயம்புத்தூரிலிருந்து வந்தபிறகு இதுதான் முதல் தடவை. குரல் வேலை விஷயமாகப் பேசுகிறவள் குரல் மாதிரி இருந்தது.

"அந்த முட்ட நூடுல்ஸ் எப்படிச் செய்வ? நான் செஞ்சா தட்டத் தள்ளிவிட்டுர்றா."

"வாயத் தொறந்து சொல்றாளா, பிடிக்கலன்னு?"

"பேச்சு இன்னும் வரல. தள்ளிவிட்டுர்றா, அவ்ளோதான். டயட்ட மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சுருக்காங்க. மாத்திரையும் கூட்டிருக்காங்க. ஸ்கூலு இந்த வருசம் இல்ல."

நான் சொல்லத் தொடங்கினேன். முட்டையை நுரை வர அடிக்காதே. கல்லைக் காயவிட்டுத் தணித்துக்கொள். காகிதம் மாதிரி ஊற்று. இறுக்கிச் சுருட்டு. ஆறட்டும். அவசரப்படாதே. குறுக்கே வெட்டு.

"வெட்டுனதும் ஒதறக் கூடாது கண்ணு. ஒதறுனா ரிப்பனாயிரும்."

"சரி."

"வெண்ணெய உருக்கி மேல விடு. கலக்காத."

"சரிம்மா."

அந்த 'அம்மா'வைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "நான் வேணா வந்து செஞ்சு குடுத்துட்டு, அன்னைக்கே திரும்பிரட்டுமா? சமையக்கட்டோட நின்னுக்கிறேன்."

எதிர்ப்பக்கம் ஏதோ பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு, "வேணாம்மா. நானே செஞ்சுக்கறேன்," என்றாள்.

மே 18

மசாலாத் தூளைச் சொல்ல மறந்துவிட்டேன். மிளகு, சீரகம், பூண்டு, கொஞ்சம் மஞ்சள். போன் போட்டேன். எடுக்கவில்லை. செல்வகுமாரிடம் சொல்லி அனுப்பச் சொன்னேன்.

ஜூன் 4

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. காலையிலிருந்து தெருவில் நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாகப் போகிறார்கள். புதுச் செருப்புச் சத்தம். ராமாத்தா எட்டிப் பார்த்து, "என்னக்கா, பாதியா எளச்சுட்டீங்க, சுகருக்கு டயட்டா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஹாலில் கௌசிக்கும் தருணும் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். மூன்றாவது ஆணியில் செல்வகுமார் காலண்டரை மாட்டப் பார்த்தான். வேண்டாம் என்று எடுத்துவிட்டேன்.

செல்வகுமார் சொன்னான்: மித்து இப்போது தட்டைத் தள்ளுவதில்லையாம். நேற்று ஒரு சுருளைத் தூக்கி மூக்குக்கு நேராகத் தொங்கவிட்டாளாம். குச்சி கத்தரிக்காய் நிறம் வந்துவிட்டதாம். சுகந்தி அவனிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லச் சொன்னாளா என்று கேட்டேன். அவன் வண்டிச் சாவியைத் தேடினான்.

சுகந்தி, போனில் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். பிள்ளையை ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. யூனிஃபார்ம் வேண்டாம். நெற்றியில் நீறு வேண்டாம். என்னைப் பார்த்துச் சிரிக்கச் சொல்ல வேண்டாம். முகம் திரும்பியிருந்தாலும் சரி. அவள் தின்றுகொண்டிருக்கும்போது, தட்டும் தெரிகிற மாதிரி எடு. சுருள் உதறாமல் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.